சென்னையில் இருந்து ஓர்க்கிட் கொண்டுவரலாமா?

கல்முனையில் இருக்கும் என் தங்கச்சியின் மகள் போன மாதம் ஒரு நாள் இரவு போன் எடுத்தாள். கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறார்களாம். திரும்பி வரும்போது இரண்டு ஓர்க்கிட் செடி கொண்டுவந்தால் என்ன என்று கேட்டாள். "பெரியம்மா, ஒன்று நீல வாண்டா. மற்றது செருப்பு மாதிரிப் பூக்கிறது. சின்னச் செடிதான், சேலைக்குள்ள சுத்தி வைச்சால் ஆருக்கும் தெரியாது." படங்களும் அனுப்பினாள். இரண்டும் அழகுதான். "பொறு புள்ள, நாளைக்குச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் நிழல் வலை கட்டி இருபது வருடமாக ஓர்க்கிட் வளர்க்கிறேன். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்தக் கேள்வியை ஆரையம்பதியில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று இருந்தேன். வெளிநாட்டு அரிய ஓர்க்கிட் ஒன்று வேண்டும் என்றால் நமக்கு இருக்கும் வழிகள் நான்கு: பயணப்பெட்டியில் கொண்டுவருவது, இணையத்தில் வாங்கிப் பார்சலில் எடுப்பது, முறைப்படி அனுமதி எடுத்து இறக்குவது, நாட்டுக்குள்ளேயே வாங்குவது. மூன்றாவதிலேயே வளர்ந்த செடியாக எடுப்பது ஒன்று, ஆய்வுகூடப் போத்தலுக்குள் முளைத்த போத்தல் கன்றாக எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது என்பதால் பிரித்தே சொல்கிறேன்.

இரண்டு சட்டங்கள்

ஆட்கள் குழம்புவது இங்கேதான். ஓர்க்கிட் ஒன்று எல்லை தாண்டும்போது இரண்டு வேறு வேறு சட்டங்கள் அதைப் பார்க்கின்றன. ஒன்று, காட்டில் இருக்கும் செடியை நம்மிடம் இருந்து காப்பாற்றுகிறது. மற்றது, அந்தச் செடியோடு வரக்கூடிய பூச்சி, நோய்களிடம் இருந்து நம் தோட்டங்களைக் காப்பாற்றுகிறது. ஒன்றுக்குக் கடதாசி வைத்திருந்தால் மற்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

முதலாவது, சைட்டிஸ் என்று சொல்லப்படும் சர்வதேச உடன்படிக்கை. 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் சேர்ந்தது. யானைத்தந்தம், புலித்தோல் பற்றிய சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் பட்டியல்களில் இருக்கும் இனங்களில் மிகப் பெரும்பகுதி ஓர்க்கிட்தான். ஓர்க்கிட் குடும்பத்தில் ஒன்றையும் விடாமல் முழுவதையும் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில். இவற்றை வாங்கலாம், விற்கலாம். ஆனால் அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி வேண்டும். முதலாம் பட்டியலில் இருப்பவை இன்னும் இறுக்கம்: காட்டில் பிடுங்கியதை வியாபாரத்துக்காக எல்லை தாண்டவே விடமாட்டார்கள். செருப்புப்பூ ஓர்க்கிட்டுகளில் ஆசிய இனமான பஃபியோபெடிலமும் மத்திய, தென்னமெரிக்க இனமான ஃபிராக்மிபீடியமும் முழுதாக இந்த முதலாம் பட்டியலில்தான். நாற்றுமேடையில் விதையில் இருந்து வளர்த்ததென்றால் அதை இரண்டாம் பட்டியல் செடி போல நடத்துவார்கள். ஆனாலும் அது அப்படி வளர்த்தது என்பதற்கு அந்த நாட்டு அதிகாரியின் சான்று வேண்டும். இலங்கையில் சைட்டிஸ் விடயங்களைப் பார்ப்பது பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்.

இரண்டாவது, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். இது விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பு. உயிருள்ள செடி எதுவானாலும், ரோசாக் கம்பாக இருந்தாலும், நாட்டுக்குள் வருவதற்கு முன்பே இறக்குமதி அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் விவசாய அதிகாரி பரிசோதித்துக் கொடுத்த தாவரச் சுகாதாரச் சான்றிதழ் செடியோடு வர வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் திரும்பவும் பார்ப்பார்கள்.

"ஒரு பூச்செடிக்கு இவ்வளவா" என்று கேட்பவர்களுக்கு நான் நம் பக்கத்துக் கதைகளைத்தான் சொல்வேன். 2018இல் சேனா படைப்புழு வந்தபோது அம்பாறையில் சோளம் போட்டவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. ஓர்க்கிட்டோடு வரவில்லைதான். ஆனால் வெளியில் இருந்து வந்த ஒரு பூச்சி ஒரே போகத்தில் ஒரு மாவட்டத்தை என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அதைவிடப் பொருத்தமான கதை ஆற்றுவாழை. குளங்களையும் வாய்க்கால்களையும் மூடிக்கிடக்கும் அந்த ஊதாப்பூச் செடியை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தது அதன் பூவின் அழகுக்காகத்தான். சில வருடத்துக்குள்ளேயே, 1909இல், அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நூறு வருடம் தாண்டியும் நாம் அதை வாரிக்கொண்டிருக்கிறோம்.

பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது

மகள் கேட்டது இதைத்தான், அதனால் இதையே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் நாற்றுக்கடையில் வாங்கும்போது கிடைப்பது ஒரு பில். அது மட்டும் எல்லை தாண்ட உதவாது. அவள் அந்த இரண்டு செடியையும் நேர்மையாகக் கொண்டுவர வேண்டுமென்றால் இந்தியாவின் சைட்டிஸ் அனுமதி, இந்தியாவின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ், புறப்படுவதற்கு முன்பே எடுத்த இலங்கை இறக்குமதி அனுமதிப்பத்திரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இரண்டு செடிதானே, விற்கவா போகிறேன், வீட்டில் வைக்கத்தானே என்பதெல்லாம் இந்தச் சட்டங்களுக்கு முன்னால் நிற்காது. நாலு நாள் சேலைப் பயணத்துக்குள் இந்தியப் பக்கத்துக் கடதாசி இரண்டையும் எடுத்து முடிக்க வழியே இல்லை.

அதிலும் அவள் தேர்ந்தெடுத்த இரண்டும் சாதாரணமானவை இல்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லிப் பாதுகாத்த செடிகளில் நீல வாண்டா ஒன்று, சிவப்பு வாண்டா ஒன்று, செருப்புப்பூ ஓர்க்கிட்டுகள் ஒன்று. நீல வாண்டா முன்பு சைட்டிஸ் முதலாம் பட்டியலில் இருந்தது. நாற்றுமேடைகளில் தாராளமாக வளரத் தொடங்கிய பிறகு 2004இல் பாங்கொக்கில் நடந்த கூட்டத்தில் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். செருப்புப்பூ இன்னும் முதலாம் பட்டியலில்தான். ஆக, சேலைக்குள் சுற்றிய இரண்டு சின்னச் செடிகள் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் ஒரு சர்வதேச உடன்படிக்கையையும் ஒரே நேரத்தில் மீறும். பிடிபட்டால் செடி போகும், அபராதம் வரும், வழக்காகவும் மாறலாம். கலியாண வீட்டுக்கு இது தேவையா?

பிடிபடாமல் வந்தால்? இதைத்தான் நான் மனம் திறந்து சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் என் கணவரின் தம்பி பாங்கொக் போய் வரும்போது எனக்காக ஆறு வாண்டாச் செடி கொண்டுவந்தார். பையின் அடியில் வைத்து வந்தார், ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த நாளே என் வலைக்குள் மற்றச் செடிகளோடு தூக்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் இலைக்கணுக்களில் வெள்ளைச் செதில் பூச்சி. துடைத்தேன், மருந்து அடித்தேன், ஒரு மாதிரி அடங்கியது. அதற்குப் பிறகுதான் பெரியது தொடங்கியது. இலைகளில் மஞ்சள் கோடும் குழிந்த கறுப்புத் திட்டும் வந்தன. ஓர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் நோய்கள் உண்டு. சிம்பீடியம் மொசைக் வைரஸ் அதில் ஒன்று, உலகம் முழுக்க ஓர்க்கிட் வளர்ப்பவர்கள் பயப்படுவது. அதற்கு மருந்து கிடையாது. வெட்டும் கத்தி, கத்தரிக்கோல் வழியாகச் செடிக்குச் செடி போகும். நான் ஒரே கத்தரிக்கோலால் எல்லாச் செடியிலும் பூத்தண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் முப்பதுக்கு மேல் செடிகளைப் பிடுங்கி எரித்தேன். அம்மா கையால் வைத்த ஒரு டென்ட்ரோபியமும் அதில் போனது.

அந்த ஆறு செடியையும் கட்டுநாயக்காவில் யாராவது பறித்திருந்தால் நான் இரண்டு நாள் கவலைப்பட்டிருப்பேன், என் தோட்டம் மிஞ்சியிருக்கும். தனிமைப்படுத்தல் என்பது அரசாங்கம் நம்மைக் கரைச்சல் படுத்த வைத்த ஒன்று என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததே இல்லை.

பேஸ்புக்கில் வாங்குவது

பார்சலில் வந்தாலும் சட்டம் அதேதான். தபாலில் வரும் செடிக்கும் அதே அனுமதிப்பத்திரம், அதே சான்றிதழ். "கடதாசி தேவையில்லை, நான் பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்புகிறேன்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிடிபட்டால் பெறுநர் என்று எழுதியிருப்பது உங்கள் பெயரும் விலாசமும்.

இந்த வழியில் இன்னொரு ஆபத்து, அது என்னை அதிகம் வருத்துவது. இணையத்தில் "அரியது" என்று மலிவாக விற்கும் செடிகளில் காட்டில் இருந்து பிடுங்கியவை நிறைய. படத்தை உற்றுப் பார்த்தால் பிடிபடும். நாற்றுமேடைச் செடிகள் ஒரே அளவாக, ஒரே வயதாக இருக்கும். வேர் சட்டியின் வடிவத்துக்குச் சுற்றியிருக்கும். பெயர் அட்டை இருக்கும். காட்டுச் செடிகளில் இலை கிழிந்து, பூச்சி தின்று, பாசியும் பொருக்கும் படர்ந்திருக்கும். வேர் அறுந்திருக்கும், சிலவேளை மரப்பட்டைத் துண்டே வேரோடு ஒட்டி வரும். பெரிதும் சிறிதுமாகக் கட்டுக் கட்டாக இருக்கும். அப்படி ஒரு கட்டைப் பார்க்கும்போது எனக்கு மீன்குஞ்சுகளையும் சேர்த்து வழித்த வலைதான் ஞாபகம் வரும்.

பெருவில் நடந்த கதை ஒன்று இந்த விடயத்தை நன்றாகக் காட்டும். 2002இல் மைக்கேல் கோவாக் என்ற அமெரிக்கர் அங்கே தெருவோரத்தில் ஒரு செருப்புப்பூ ஓர்க்கிட்டை வாங்கினார். கை அகலத்துக்கு ஊதாப்பூ, உலகம் அதுவரை அறியாத இனம். அனுமதி எதுவும் இல்லாமல் புளோரிடாவில் உள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவர்கள் அவசரமாக விவரித்து அவர் பெயரையே செடிக்கு வைத்தார்கள்: ஃபிராக்மிபீடியம் கோவாச்சியை. பிறகு வழக்கு வந்தது. அவருக்கும் பூங்காவுக்கும் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. அதற்கிடையில் பெருவில் அந்தச் செடி நின்ற இடங்களை ஆட்கள் மொட்டையடித்துவிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. பெரு அரசு உள்ளூர் நாற்றுமேடைக்குச் சில தாய்ச்செடிகள் மட்டும் எடுக்க அனுமதித்தது. அவற்றின் விதையில் இருந்து போத்தலில் ஆயிரக்கணக்கில் கன்றுகள் வந்தன. இன்றைக்கு அதே ஓர்க்கிட்டை ஒருவர் சட்டப்படி, காட்டைத் தொடாமல் வாங்கலாம்.

போத்தல் கன்று

நான் அதிகம் நம்புவது இந்த வழியைத்தான். ஓர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். அதற்குள் சாப்பாடு இல்லை. அதனால் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் போத்தலுக்குள் சீனியும் உப்புச்சத்தும் கலந்த கூழில் முளைக்க வைப்பார்கள். ஒரு போத்தலுக்குள் இருபது முப்பது கன்று இருக்கும். கிருமியற்ற போத்தலுக்குள் இருக்கும் வரைக்கும் இரண்டாம் பட்டியல் ஓர்க்கிட் கன்றுகளுக்குச் சைட்டிஸ் அனுமதியே தேவையில்லை. செருப்புப்பூ போன்ற முதலாம் பட்டியல் இனங்களுக்கும் இந்த விலக்கு உண்டு. ஆனால் சட்டப்படி வைத்திருக்கும் தாய்ச்செடிகளில் இருந்து செயற்கையாக உண்டாக்கிய கன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எந்தத் தாய்ச்செடி, எந்த நாற்றுமேடை என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஆட்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. சைட்டிஸ் தேவையில்லை என்றதும் எதுவும் தேவையில்லை என்று போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். விவசாயத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் போத்தலுக்கும் வேண்டும். மண் இல்லை, பூச்சி இல்லை, கண்ணாடி வழியே உள்ளே பார்க்கலாம் என்பதால் பரிசோதனை இலகுவாக முடியும்.

பொறுமைதான் பெரிய விலை. டென்ட்ரோபியம் பூக்க இரண்டு மூன்று வருடம், வாண்டா அதற்கும் மேல். போத்தலில் இருந்து எடுக்கும் நாளில் கன்றுக்கு மெழுகுப் பூச்சே இல்லாத மெல்லிய இலை. நம் ஊரில் மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது போத்தலைத் திறந்தீர்கள் என்றால் ஒரு பகலில் காய்ந்துவிடும். மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் திறந்தால் அழுகும். நான் ஜனவரி கடைசியில் திறப்பேன். கூழை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, பொடியாக உடைத்த சிரட்டைக்கரியும் கழுவி உப்பு நீக்கிய தும்பும் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, மூடியை வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். மழைத்தண்ணீர் மட்டும்தான். வாவிக்கரைக் கிணறுகள் கோடையில் உவர்த்துப் போகும், அந்தத் தண்ணீர் கன்றைக் கொன்றுவிடும். முதல் போத்தலில் எனக்கு மிஞ்சியது ஒன்பது. இரண்டாவதில் இருபத்தொன்று.

வளர்ந்த செடியை முறைப்படி இறக்குவது

பூத்த வயதுச் செடியே வேண்டும் என்பவர்களுக்கு இது. வரிசை முக்கியம். முதலில் செடியின் விஞ்ஞானப் பெயர், எண்ணிக்கை, எந்த நாடு என்பதெல்லாம் எழுதி விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் போடும் நிபந்தனைகளை விற்பவருக்கு அனுப்பினால்தான் அவர் தன் நாட்டில் அதற்கேற்ற சான்றிதழ் எடுக்க முடியும். சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதியையும் அவரே எடுப்பார். தாய்லாந்தில் செடிகளுக்கான சைட்டிஸ் அனுமதியை அந்த நாட்டு விவசாயத் திணைக்களமே கொடுக்கிறது. பழகிய நாற்றுமேடைகள் இதை அன்றாட வேலையாகச் செய்கின்றன. அந்த அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் நம் பக்கத்துக் கடதாசி இழுபட்டால் அது காலாவதியாகிவிடும். முதலாம் பட்டியல் செடி என்றால் பத்தரமுல்லையோடு முதலில் கதைத்துவிட்டுத்தான் காசு அனுப்ப வேண்டும். ஒரு நாட்டில் வளர்ந்து இன்னொரு நாட்டு வியாபாரி கைக்கு வந்து அங்கிருந்து நமக்கு வருகிறது என்றால் அது மறு ஏற்றுமதி, அதற்குத் தனிச் சான்றிதழ். பெயர்ப்பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அங்கே நிற்கும்.

வாண்டா, டென்ட்ரோபியம், ஃபலனோப்சிஸ், சிம்பீடியம் ஆகிய நான்கு ஓர்க்கிட் வகைகளின் செயற்கைக் கலப்பினங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. பூக்காத செடிகளாக, ஒரே கலப்பினம் ஒரு பெட்டியில் இருபதோ அதற்கு மேலோ, ஒரே சீராக, விபரப் பட்டியலோடு வந்தால் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. தனியாள் இருபது செடி வாங்கி என்ன செய்வது? ஆனால் நாலைந்து பேர் சேர்ந்தால் அது ஒரு வழிதான்.

சிரமம் என்னவென்றால், இதெல்லாம் முடிகிற இடம் கட்டுநாயக்கா. மட்டக்களப்பில் இருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். செடி வெறும் வேரோடு, ஈரப்பாசியில் சுற்றி, ஒரு வாரம் பெட்டிக்குள் கிடந்து வரும். பரிசோதனை, சுங்கம் எல்லாம் முடித்து இரவு ரயிலில் கொண்டுவந்து சேர்க்கும்போது இலை சுருங்கியிருக்கும். கச்சான் நேரம் வந்தால் தேறாது. செலவும் இரண்டு செடிக்கும் ஐம்பது செடிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சான்றிதழ் கட்டணம், விமானக்கூலி, போக்குவரத்து எல்லாம் செடி எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் வியாபாரமாகச் செய்பவருக்கும் குழுவாகச் சேர்பவருக்கும் இது சரி. தனியாளுக்கு நான் சொல்லமாட்டேன்.

நாட்டுக்குள்ளேயே

இதைத்தான் பலர் கடைசியாக யோசிக்கிறார்கள். இலங்கையில் ஓர்க்கிட் வளர்ப்பு நேற்றுத் தொடங்கியதல்ல. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது, அதன் ஓர்க்கிட் வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்தாலே என்னென்ன நம் நாட்டில் ஏற்கனவே இருக்கின்றன என்று தெரியும். கொழும்பு, கம்பஹாப் பக்கம் நாற்றுமேடைக்காரர்கள் முறைப்படி இறக்கிய செடிகளில் இருந்து பெருக்கி விற்கிறார்கள். நீங்கள் அனுமதி எடுக்கத் தேவையில்லை, செடி நம் நாட்டு வெயிலுக்குப் பழகியிருக்கும், செத்தால் போய்ச் சண்டை பிடிக்க ஆள் இருக்கிறார். ஆனாலும் எங்கிருந்து வந்த செடி என்று கேளுங்கள். நேர்மையானவர் சொல்வார்.

நம் கரையோரச் சூட்டுக்கு எது சரிவரும் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. நீல வாண்டா அசாம், மேகாலயா மலைகளின் செடி. குளிர் பட்டால்தான் நன்றாகப் பூக்கும். கல்முனையில் இலை விடும், பூவுக்கு ஏங்க வேண்டியிருக்கும். அதே நீலத்தை நம் வெயிலில் பார்க்க வேண்டும் என்றால் ரோத்சைல்டியானா என்ற கலப்பினம் இருக்கிறது. நீல வாண்டாவையும் பிலிப்பைன்ஸ் தாழ்நிலத்து வாண்டா ஒன்றையும் சேர்த்து 1931இல் பதிவு செய்தது. அதன் வழிவந்த நீலக் கலப்பினங்களை இலங்கையிலேயே வாங்கலாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன, கடல்காற்றைத் தாங்குகின்றன. செருப்புப்பூக்களில் பெரும்பாலானவை நிழலும் குளிரும் தேடும் செடிகள். நுவரெலியாவில் இருப்பவர் வளர்க்கட்டும்.

காட்டில் எடுப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. நம் பக்கத்து வறண்ட காடுகளில் மரக்கிளையில் தொற்றிக்கிடக்கும் கபில நிற வாண்டா டெசலாட்டாவை விறகுக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து தருவதாகச் சொல்வார்கள். வாங்காதீர்கள். இலங்கையில் இருக்கும் காட்டு ஓர்க்கிட்டுகள் 190 இனத்துக்குக் கிட்ட, அதில் ஐம்பதுக்கும் மேல் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. வெசாக் மலர் என்று சொல்லும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே அதில் ஒன்று. கனடாவில், லண்டனில் இருக்கும் சொந்தங்கள் ஊர் ஞாபகத்துக்கு ஒரு கொத்துக் கேட்டாலும் பதில் அதேதான். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதும் குற்றம்.

மகளுக்குச் சொன்னது

முதல் முறை ஓர்க்கிட் வளர்ப்பவர், பூவைப் பார்க்க வேண்டும் என்பவர், உள்ளூர்க் கலப்பினத்தை வாங்கட்டும். நாலு கச்சான் தாண்டிச் செடியைக் காப்பாற்றிய கை என்றால், குறிப்பிட்ட ஓர் இனத்தில் மனம் வைத்திருப்பவர் என்றால், போத்தல் கன்று. வளர்ந்த செடி இறக்குவது கூட்டாக மட்டும். நாற்றுமேடை தொடங்க நினைக்கும் இளம் ஆட்கள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர்கள், அந்த இறக்குமதி வழியை நன்றாகப் பழகிக்கொள்ளலாம். கிழக்கில் முறைப்படி ஓர்க்கிட் இறக்கிப் பெருக்கி விற்கும் ஒருவர் வந்தால் நம்மில் பாதிப்பேருக்குச் சூட்கேஸ் யோசனையே வராது. கல்லடியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த நாள் மகளுக்கு இவ்வளவையும் சொன்னேன். அந்த ஆறு செடிக் கதையையும் சொன்னேன், அது அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப அம்மம்மாட அந்த வெள்ளைப்பூச் செடி அப்படியா போனது?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சென்னையில் இருந்து சேலை மட்டும்தான் வந்தது. என்னிடம் இருக்கும் நீலக் கலப்பினத்தில் பக்கக் கன்று ஒன்று வேர் விட்டிருக்கிறது, அதைக் கலியாணத்துக்குப் பிறகு பிரித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். செருப்புப்பூ ஆசையை அவள் விடவில்லை. சூடு தாங்கும் இனம் ஒன்றைப் பார்த்து, ஆரையம்பதியில் இருவரையும் அக்கரைப்பற்றில் ஒருவரையும் சேர்த்து, ஐந்து பேராக ஒரு போத்தலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம். ஜனவரிக்குள் வந்து சேர வேண்டும் என்றால் விண்ணப்பம் இந்த மாதமே போக வேண்டும். விஞ்ஞானப் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதும் வேலையை அவளிடமே விட்டிருக்கிறேன்.